ஓய்விலிருக்கும் மின்னாக்கி: பெட்ரோல் ஜெனரேட்டரைப் பாதுகாத்து வைக்கும் முறை

இயந்திரங்கள் ஓடுவதால் தேய்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. சும்மா இருப்பதாலும் அவை கெடும் என்பது அத்துணைப் பரவலாக உணரப்படுவதில்லை. பெட்ரோலால் இயங்கும் சிறு ஜெனரேட்டர், அதாவது மின்னாக்கி, இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆண்டில் சில நாட்களே அது வேலை செய்கிறது. எஞ்சிய நாட்களெல்லாம் ஒரு மூலையில் கிடக்கிறது. அதற்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை அந்த ஓய்வுக் காலத்திலேயே விளைகின்றன. அதனருகே வாழ்வோர்க்கு நேரக்கூடிய தீ விபத்துக்கும் அக்காலத்திலேயே வழி ஏற்படுகிறது.

வங்கக் கடற்கரையின் நிலையை நோக்கின் இதன் முக்கியத்துவம் விளங்கும். அக்கடலில் புயல்கள் பெரும்பாலும் இரு பருவங்களில் தோன்றுகின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்கள் ஒன்று. அம்மழைக்குப் பிந்திய அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மாதங்கள் மற்றொன்று. 1999 அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயல் பின்பருவத்தில் வந்தது. 2019 மே 3ஆம் நாள் பூரி நகருக்கு அருகே கரை கடந்த ஃபனி புயல் முன்பருவத்தில் வந்தது. 1999ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப் பின்னர் ஒடிசாவின் கரையோரத்தில் பல்நோக்குப் புயல் காப்பகங்கள் பெருமளவில் எழுப்பப்பட்டன. அவற்றுள் பல, சாதாரண நாட்களில் பள்ளிகளாகப் பயன்படுகின்றன. மின்னாக்கி, மரம் அறுக்கும் விசைவாள் முதலிய கருவிகள் அக்காப்பகங்களுக்கு வழங்கப்பட்டுள்ளன.

மே மாதத்தில் செவ்வனே ஓடிய மின்னாக்கி, அக்டோபர் வரை ஏறத்தாழ ஐந்து திங்கள் ஓய்ந்திருக்கிறது. அந்த ஐந்து திங்களும் ஈரம் மிகுந்த மழைக்காலம். புயலிரவில் நூற்றுக்கணக்கான மக்கள் காப்பகத்தில் கூடியிருக்கும்போது இயந்திரம் கிளம்ப மறுக்குமாயின், அப்பிழை அவ்விரவில் நேர்ந்ததன்று. மே மாதத்தில் அதை நிறுத்தி வைத்த நாளிலேயே நேர்ந்ததாகும். ஆகவே, மின்னாக்கியை எவ்வாறு கிளப்புவது என்பதைக் காட்டிலும், எவ்வாறு நிறுத்தி வைப்பது என்பதைக் கற்பதே முதற் கடமை.

பெட்ரோல் ஏன் கெடுகிறது?

பெட்ரோல் தனியொரு பொருளன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுட் சில 35 டிகிரி சென்டிகிரேட் அளவிலேயே கொதிக்கத் தொடங்குகின்றன. வேறு சில 200 டிகிரியை எட்டிய பின்னரே கொதிக்கின்றன. எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிகளே குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்ப உதவுகின்றன. தொட்டியில் நெடுநாள் நிற்கும் பெட்ரோலிலிருந்து இப்பகுதிகளே முதலில் வெளியேறிவிடுகின்றன. பார்வைக்குப் பெட்ரோல் அவ்வாறே இருப்பினும், கிளப்பும் ஆற்றல் அதனிடம் குறைந்துவிடுகிறது.

எஞ்சிய பகுதி காற்றிலுள்ள பிராணவாயுவுடன் மெல்ல மெல்லச் சேர்ந்து பிசின் போன்ற பொருளாக மாறுகிறது. உஷ்ணம் மிகுந்த நம் நாட்டில் இம்மாறுதல் விரைவாக நடைபெறுகிறது. இப்பிசின் பெருந்தொட்டியில் படிந்தால் தீங்கு சிறிது. கார்புரேட்டரில் படிந்தால் தீங்கு பெரிது. கார்புரேட்டரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணத்தில் சிறிதளவு பெட்ரோல் எப்போதும் தங்கியிருக்கும். அங்கிருந்து அது 'ஜெட்' எனப்படும் நுண்துளை வழியே மேலேறிக் காற்றுடன் கலக்கிறது. சிறு மின்னாக்கிகளில் இத்துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கிண்ணத்துப் பெட்ரோல் வற்றி விட்டுச்செல்லும் மெல்லிய பிசினே அத்துளையை அடைக்கப் போதுமானது. ஓய்வுக்குப் பின் கிளம்பாத இயந்திரங்களில் முதலில் ஐயுற வேண்டிய இடம் இதுவே.

எத்தனால் கலந்த பெட்ரோல்

முன்னாள் அனுபவத்தை மட்டும் கொண்டு இக்காலப் பெட்ரோலை மதிப்பிடலாகாது. இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் என்னும் எரிசாராயத்தைக் கலக்கும் திட்டம் 2003இல் சில மாநிலங்களில் 100க்கு 5 பங்கு என்ற அளவில் தொடங்கியது. 2022இல் 10 பங்கு என்ற அளவும், 2025இல் 20 பங்கு என்ற அளவும் எட்டப்பட்டன.

பெட்ரோல் நீருடன் கலவாது. எத்தனாலோ நீருடன் எவ்விகிதத்திலும் கலக்கும். இவ்விரு குணங்களும் ஒரே தொட்டியில் சந்திக்கின்றன. மூடியின் தளர்ச்சியால் புகும் மழைநீரையும், இரவில் தொட்டியின் உட்சுவரில் குளிர்ந்து படியும் ஈரத்தையும் எத்தனால் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. சிறிதளவு நீர் வரை கேடில்லை. அது கலவையிலேயே கரைந்திருக்கும். ஓர் எல்லையைக் கடந்ததும், நீரும் எத்தனாலும் ஒன்றுகூடிப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து, தனி அடுக்காக அடியில் தங்கிவிடுகின்றன. தொட்டியிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் வழியும் அடியிலேயே இருக்கிறது. எனவே இயந்திரத்துக்கு முதலிற் கிட்டுவது பெட்ரோலன்று. எரியாத அந்த அடியடுக்கே. உலோகத்தில் துரு ஏறுவதற்கும் அதுவே காரணமாகிறது. பழைய இயந்திரங்களின் ரப்பர்க் குழாய்களும் எத்தனாலால் பருத்தும் வெடித்தும் போகக்கூடும். ஆதலின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவற்றை வளைத்துப் பார்த்துச் சோதித்தல் நலம்.

பெட்ரோல் கெடாமற் காக்கும் சேர்க்கைப் பொருள்கள் கடைகளில் விற்கப்படுகின்றன. இவை புதிய பெட்ரோலில் சேர்த்தால் மட்டுமே பயன் தரும். கெட்டுப்போன பெட்ரோலைத் திருத்தும் வல்லமை அவற்றுக்கில்லை. பிரிந்துவிட்ட அடுக்குகளையும் அவை மீண்டும் சேர்க்கமாட்டா.

ஆவியின் இயல்பும் இடத்தின் தேர்வும்

இதுகாறும் இயந்திரத்துக்கு நேரும் கேடு கூறப்பட்டது. இனி, மனிதர்க்கு நேரும் அபாயத்தைக் காண்போம். திரவப் பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. நீர் உறையும் வெப்பநிலைக்கு 40 டிகிரி கீழேயும் தீப்பற்றத்தக்க அளவு ஆவியைப் பெட்ரோல் வெளியிடுகிறது. நம் நாட்டு வெப்பத்தில் அது எந்நேரமும் ஆவியை வெளியிட்டுக்கொண்டே இருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். இவ்வாவி காற்றைப்போல் மூன்று முதல் நான்கு மடங்கு கனமுடையது. எனவே அது மேலெழுந்து கலைந்துவிடாமல், நீரைப்போல் தரையோடு வழிந்து, பள்ளங்களிலும் மூலைகளிலும் தேங்குகிறது.

ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். 1 லிட்டர் பெட்ரோல் முழுதும் ஆவியாயின் ஏறத்தாழ 190 லிட்டர் ஆவி உண்டாகும். 100 பங்கு காற்றில் 1.4 பங்கு ஆவி கலந்ததும் அது தீப்பற்றும் கலவையாகிவிடும். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 28 கன மீட்டர். அவ்வறைக் காற்று முழுவதையும் தீப்பற்றும் நிலைக்குக் கொணர ஏறத்தாழ 2 லிட்டர் பெட்ரோல் போதும். ஆவி தரையிலேயே படர்வதாகக் கொண்டு, ஓரடி உயரமுள்ள படலத்தை மட்டும் கணக்கிட்டால், 200 மில்லிலிட்டரே போதும். ஒரு தேநீர்க் குவளையளவு கசிவு, ஓரிரவுக்குள் ஓர் அறையைத் தீக்கிடங்காக்க வல்லது என்பது இதனின்று புலனாகும்.

ஆகவே பெட்ரோல் உள்ள மின்னாக்கியை வசிக்கும் இடத்திலோ, வகுப்பறையிலோ, படிக்கட்டின் அடியிலோ வைத்தலாகாது. அடுப்பு, பூசை விளக்கு, நீர் சூடேற்றும் கருவி, மின்விசைப் பொறிகள், மின்கல அடுக்கு ஆகியவை உள்ள அறையும் ஏற்றதன்று. மின் பொத்தானை அழுத்தும்போது எழும் சிறு பொறியே ஆவியைப் பற்றவைக்கப் போதும். கட்டடத்தினின்று விலகிய, பூட்டத்தக்க, மழை நுழையாத கொட்டகையே தக்க இடம். கொட்டகையின் காற்றுத் துவாரங்கள் மேலே மட்டுமின்றித் தரையை ஒட்டியும் அமைய வேண்டும். ஏனெனில் கனத்த ஆவி கீழ் வழியாகவே வெளியேறும். இயந்திரத்தை வெறுந்தரையில் வைக்காது மரச்சட்டத்தின்மேல் வைப்பின் ஈரமும் வெள்ளநீரும் எளிதில் அணுகா.

தனியே சேமிக்கும் பெட்ரோல் குறித்துச் சட்டமும் எல்லை வகுத்துள்ளது. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமமின்றி ஒருவர் 30 லிட்டர் வரையே வைத்திருக்கலாம். அதையும் இறுக மூடிய கலங்களிலேயே வைத்தல் வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் கலமாயின் 1 லிட்டருக்கும், உலோகக் கலமாயின் 25 லிட்டருக்கும் மேற்படலாகாது. குடிநீர்ப் புட்டிகளில் பெட்ரோல் வாங்கி வைக்கும் வழக்கம் சட்டத்துக்கும் புறம்பானது. தாகத்தால் யாரேனும் எடுத்துப் பருகும் அபாயமும் அதிலுண்டு. உலோகக் கலத்தையும் கழுத்துவரை நிரப்பலாகாது. 20 லிட்டர் பெட்ரோல், வெப்பம் 20 டிகிரி உயரும்போது ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் விரிவடையும். அதற்குரிய இடம் கலத்தில் இருத்தல் வேண்டும்.

இரண்டே வழிகள்

மின்னாக்கியை நிறுத்தி வைக்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, பெட்ரோலை முற்றிலும் நீக்கி உறங்க வைப்பது. மற்றொன்று, புதிய பெட்ரோலுடன் மாதந்தோறும் ஓட்டி ஆயத்தமாக வைப்பது. பாதித் தொட்டிப் பழைய பெட்ரோலுடன் பூட்டிவிட்டு மறந்துவிடுவது மூன்றாவது வழி. பரவலாக நடைபெறுவதும் இதுவே. இரண்டு வழிகளின் நன்மைகளையும் ஒருங்கே இழப்பதும் இதுவே. அடுத்த உபயோகம் இரண்டு மாதங்களுக்கு மேல் தள்ளியிருந்து, எப்போது என்பதும் தெரிந்திருந்தால் முதல் வழி ஏற்றது. எந்நாளும் தேவைப்படலாம் என்ற நிலையிலுள்ள காப்பகங்களுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் இரண்டாம் வழியே பொருந்தும்.

உறங்க வைக்கும் முறை

கீழ்க்கண்ட செயல்கள் யாவும் திறந்த வெளியில், நெருப்பும் புகைபிடித்தலும் இல்லாத இடத்தில் நடைபெற வேண்டும்.

1. இயந்திரம் நன்கு குளிர்ந்த பின், தொட்டியிலுள்ள பெட்ரோலை உலோகக் கலத்தில் வடித்துக்கொள்ள வேண்டும். கலம் தரையில் இருத்தல் அவசியம். ரப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும். தவறி மூச்சுக்குழலில் இறங்கும் சிறிதளவு பெட்ரோலும் நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும்.

2. கலத்தையும் சிந்திய ஈரத்தையும் அகற்றிய பின், இயந்திரத்தைக் கிளப்பி, அது தானே நிற்கும்வரை ஓடவிட வேண்டும். இதனால் குழாயிலும் கார்புரேட்டரிலும் எஞ்சிய பெட்ரோல் எரிந்து தீரும்.

3. இயந்திரம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பழைய எஞ்சின் எண்ணெயை வடித்துப் புதியது ஊற்ற வேண்டும். பழைய எண்ணெயில் எரிதலால் உண்டான அமிலமும் நீரும் கலந்திருக்கும். ஓய்வுக் காலத்தில் அவை உட்பாகங்களை அரிக்கும்.

4. மீண்டும் நன்கு குளிர்ந்த பின், மிதவைக் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, தங்கியுள்ள சில துளிகளையும் வடித்துவிட்டுத் திருகை முடுக்க வேண்டும். பெட்ரோல் காக்கையும் மூடிவிட வேண்டும்.

5. இயந்திரப் பொத்தான் நிறுத்த நிலையில் உள்ளதை உறுதி செய்துகொண்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே தூய எஞ்சின் எண்ணெய் ஒரு தேக்கரண்டியளவு விட வேண்டும். பிளக்கின் கம்பியைத் துளையினின்று விலக்கி வைத்து, இழுகயிற்றை மெதுவாக மூன்று நான்கு முறை இழுத்தால் எண்ணெய் சிலிண்டரின் சுவரெங்கும் பரவும். பின் பிளக்கைப் பொருத்த வேண்டும்.

6. கயிறு கையில் இறுகும் இடம்வரை மெல்ல இழுத்து அங்கேயே விட்டுவிட வேண்டும். அந்நிலையில் இரு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரக்காற்று சிலிண்டருள் புகாது.

7. புறத்தைத் துடைத்து, துணியுறையால் மூட வேண்டும். இறுக்கமான பிளாஸ்டிக் தாள் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். எலி, குளவி முதலியன கூடு கட்டாதபடி புகைபோக்கியின் வாயைத் துணியால் அடைத்து, அவ்வாறு அடைத்துள்ளமையை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும்.

வடித்த பெட்ரோல் புதியதாயின் அன்றே பெட்ரோல் வண்டியொன்றில் ஊற்றிப் பயன்படுத்திவிடலாம். நிறம் மாறியும் புளித்த வாடை வீசியும் அடுக்குப் பிரிந்தும் இருந்தால் பழுதுபார்க்கும் பட்டறை வாயிலாகவே அகற்ற வேண்டும். அதனைச் சாக்கடையில் கொட்டுவதும், கை கழுவப் பயன்படுத்துவதும் தகா.

ஆயத்தமாக வைக்கும் முறை

இம்முறையில் தொட்டி, அதிலுள்ள குறியளவுவரை புதிய பெட்ரோலால் நிரம்பியிருக்க வேண்டும். காற்றுக்கு இடம் குறைவதால் ஈரமும் பிசினும் குறையும். மாதம் ஒரு முறை இயந்திரத்தை வெளியே எடுத்து, விளக்குகளை இணைத்து, 15 முதல் 20 நிமிடங்கள் சுமையுடன் ஓட்ட வேண்டும். சுமையின்றி ஓட்டுவதால் கம்பிச்சுற்றுகள் போதிய சூடேறா. அவற்றில் ஏறிய ஈரமும் நீங்காது. ஓட்டம் முடிந்ததும், பெட்ரோல் காக்கை மூடி, இயந்திரம் தானே நிற்கவிட்டால் கார்புரேட்டர் வற்றிவிடும். இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை தொட்டியிலுள்ள பெட்ரோலை வேறு வேலைக்குச் செலவிட்டுப் புதியதை நிரப்புதல் வேண்டும்.

சோதனை ஓட்டத்தை ஒருபோதும் கொட்டகைக்குள்ளோ தாழ்வாரத்திலோ நடத்தலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்தின் செந்நிறப் பொருளுடன் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அது பற்றிக்கொள்கிறது. தலைநோவும் மயக்கமும் தோன்றும்போதே எழுந்து நடக்கும் வலிமை போய்விடக்கூடும். கதவு, சன்னல்களினின்று குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி எதிர்ப்புறம் நோக்க, இயந்திரத்தை நிறுத்த வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான எண்ணம்.

பொத்தானால் கிளம்பும் மின்னாக்கிகளில் மின்கலமும் உண்டு. உறக்க முறையில் அதன் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்து, மாதந்தோறும் மின்னேற்றம் செய்ய வேண்டும். நெடுங்கால ஓய்வுக்குப் பின் இயந்திரம் ஓடியும் மின்சாரம் வராவிடின், மின்காந்தத்தில் எஞ்சியிருக்க வேண்டிய சிறு காந்தத்தன்மை மறைந்திருக்கலாம். அதனை மீட்பது தேர்ந்த மின்பணியாளரின் வேலை, மற்றவர் முயலலாகாது.

வகுப்பறைச் சோதனை

கனத்த ஆவி தரையில் வழியும் இயல்பைப் பெட்ரோலின்றியே மாணவர்க்குக் காட்டலாம். அட்டையை மடித்து ஒரு சாய்வான வாய்க்கால் செய்து, அதன் கீழ்முனையில் சிறு மெழுகுவத்தியொன்றை ஆசிரியர் ஏற்றிவைக்க வேண்டும். சுடர் அட்டையைத் தீண்டாதபடி சற்று விலகியிருத்தல் அவசியம். ஓர் அகன்ற குவளையில் சமையல் சோடாவும் வினிகரும் கலந்தால் கரியமில வாயு நிறையும். திரவம் சிந்தாது குவளையை வாய்க்காலின் மேல்முனையில் சாய்த்தால், கண்ணுக்குப் புலப்படாத வாயு வழிந்தோடிச் சுடரை அணைக்கும். கரியமில வாயு காற்றைப்போல் ஒன்றரை மடங்கே கனமானது. அதுவே இவ்வாறு ஓடுமாயின், மூன்று நான்கு மடங்கு கனமுள்ள பெட்ரோல் ஆவி எவ்வாறு ஓடும் என்பதை மாணவரே ஊகித்துக் கூறுவர். முன்னது சுடரை அணைக்கிறது. பின்னது சுடரைத் தேடிச் சென்று பற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பும். இவ்வேற்றுமையை ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும்.

நிறைவாக, ஒவ்வொரு மின்னாக்கியிலும் ஓர் அட்டை தொங்குதல் நன்று. நிறுத்திய நாள், உறக்கமா ஆயத்தமா என்ற குறிப்பு, பெட்ரோலும் எண்ணெயும் மாற்றிய நாட்கள், அடுத்த சோதனை நாள், பொறுப்பாளர் பெயர் ஆகிய ஐந்து விவரங்கள் அதிலிருந்தால் போதும். பொறுப்பாளர் மாற்றலாகிச் சென்றாலும், அடுத்து வருபவர் இயந்திரத்தின் நிலையை ஐயமின்றி அறிந்துகொள்வர்.

பயிற்சி வினாக்கள்

1. பழைய பெட்ரோலால் குளிர்ந்த இயந்திரம் கிளம்பாமைக்குரிய இரு காரணங்கள் யாவை?

2. எத்தனால் கலந்த பெட்ரோலில் நீர் மிகுந்தால், அடியடுக்கே முதலில் இயந்திரத்தை அடைவது ஏன்?

3. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறையில், தரையை ஒட்டிய ஓரடிக் காற்றுப் படலத்தைத் தீப்பற்றும் நிலைக்குக் கொணர எத்தனை மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும்?

4. தங்கள் நிலையத்திலுள்ள மின்னாக்கிக்கு உறக்க முறை ஏற்றதா, ஆயத்த முறை ஏற்றதா? காரணம் கூறுக.